சேரிலிருந்து எழுந்தால் சுளீர் என்று ஷாக்: இந்தக் கரண்ட் எங்கிருந்து வருகிறது?

குருகிராம்வாசி:
சென்னையிலிருந்து மாற்றலாகி குருகிராம் வந்ததிலிருந்து இதே தொல்லை. சேரிலிருந்து எழுந்து கான்ஃபரன்ஸ் ரூம் கைப்பிடியைத் தொட்டால் சுளீர். லிஃப்ட் பட்டன் சுளீர். காரிலிருந்து இறங்கிக் கதவைச் சாத்தினால் சுளீர். ராத்திரி விளக்கை அணைத்துவிட்டு ஸ்வெட்டரைக் கழற்றினால் படபடவென்று சத்தம், கூடவே குட்டிக் குட்டியாக நீலப் பொறி. எலெக்ட்ரீஷியனைக் கூப்பிட்டுப் பார்த்தாச்சு, வயரிங்கில் லீக் எதுவும் இல்லையாம்.

ஸ்டாடிக் என்று பெயர் தெரியும். பள்ளியில் சீப்பை வைத்துக் காகிதத் துண்டைத் தூக்கியதோடு சரி, அதற்கு மேல் தெரியாது. இந்தக் கரண்ட் எங்கிருந்து வருகிறது? பத்தாயிரம் வோல்ட் என்கிறார்கள். வீட்டு 230 வோல்ட்டே ஆளைக் கொல்லும்போது இது எப்படி விட்டுவைக்கிறது? உட்கார்ந்திருக்கும்வரை ஒன்றுமில்லை, எழுந்தால்தான் அடிக்கிறது. அது ஏன்?

செம்புக்காப்பு:
உடம்பில் சூடு ஏறினால் இப்படித்தான். எங்க மாமாவுக்கும் இருந்தது. செம்புக் காப்பு ஒன்று வாங்கிப் போடுங்க, சரியாகிவிடும்.

இயற்பியல்_வாத்தியார்:
காப்பை முதலில் கழற்றி வைத்துவிடுவோம். கையில் கிடக்கும் செம்பு உங்கள் உடம்பைத்தான் தொட்டுக்கொண்டிருக்கிறது, தரையை அல்ல. உடம்பிலுள்ள மின்னூட்டம் காப்பிலும் கொஞ்சம் பரவி நிற்கும். வெளியே போக அதற்கு வழி ஏது?

எங்கிருந்து வருகிறது என்றால், எங்கிருந்தும் வரவில்லை. ஏற்கெனவே அங்கேதான் இருக்கிறது. உங்கள் பேன்ட், சேர் துணி, ஷூவின் அடி, தரைவிரிப்பு எல்லாமே அணுக்களால் ஆனவை. ஒவ்வோர் அணுவிலும் புரோட்டானும் எலக்ட்ரானும் சரிக்குச் சரி இருப்பதால் வெளியே எதுவும் தெரிவதில்லை. இரண்டு வேறு வேறு பொருள்கள் ஒட்டி உறவாடும்போது ஒன்றின் மேற்பரப்பிலிருந்து கொஞ்சம் எலக்ட்ரான் மற்றதற்குத் தாவிவிடுகிறது. வாங்கியது எதிர் மின்னூட்டம், கொடுத்தது நேர் மின்னூட்டம். இரண்டையும் கூட்டினால் பழையபடி பூஜ்யம்தான். மின்னூட்டத்தை யாரும் உண்டாக்க முடியாது, அழிக்கவும் முடியாது. பிரித்து வைக்க மட்டுமே முடியும்.

எழுந்தால் ஏன் அடிக்கிறது என்பதுதான் உங்கள் மூன்றில் நல்ல கேள்வி. உட்கார்ந்திருக்கும்போதே பேன்ட்டுக்கும் சேருக்கும் இடையில் எலக்ட்ரான் இடம் மாறியாகிவிட்டது. ஆனால் நேரும் எதிரும் முடியளவு இடைவெளியில் பக்கத்துப் பக்கத்தில் கிடப்பதால் வோல்ட்டேஜ் சொற்பம். நீங்கள் எழுகிறீர்கள். ஒன்றையொன்று இழுக்கும் இரண்டு மின்னூட்டங்களை வலுக்கட்டாயமாகப் பிரிக்கிறீர்கள். அதற்கு வேலை செய்ய வேண்டும், அந்த வேலையை உங்கள் கால் தசை செய்கிறது. எழுந்து நிற்கும் முயற்சியோடு சேர்ந்துபோவதால் தனியாகத் தெரிவதில்லை. மின்னூட்டம் அதேதான், வோல்ட்டேஜ் மட்டும் பல மடங்கு ஏறிவிடுகிறது. கைப்பிடியில் பொறியாக வெளியேறும் ஆற்றல், நீங்கள் எழுந்தபோது போட்ட ஆற்றல்தான்.

அடுத்து, ஏன் கொல்லவில்லை. வோல்ட்டேஜை உயரம் என்றும் மின்னூட்டத்தைத் தண்ணீரின் அளவு என்றும் வைத்துக்கொள்ளுங்கள். பனைமர உச்சியிலிருந்து ஒரே ஒரு சொட்டு தலையில் விழுந்தால் சுருக்கென்று இருக்கும், ஆள் சாய மாட்டார். கணக்கும் அதையே சொல்கிறது. நின்றுகொண்டிருக்கும் மனித உடம்பின் மின்தேக்குத் திறன் சுமார் 100 பிக்கோஃபாரட். 10,000 வோல்ட் என்றால் மின்னூட்டம் ஒரு மைக்ரோ கூலும், அதாவது 6 லட்சம் கோடிச் சொச்சம் எலக்ட்ரான் கூடவோ குறையவோ இருக்கிறது. கேட்க மலைப்பாக இருக்கும், ஆனால் ஆற்றல் வெறும் 5 மில்லி ஜூல். பொறி பறக்கும் கணத்தில் சில ஆம்பியர்கூடப் பாயும். ஒரு மைக்ரோ வினாடிக்குள் எல்லாம் முடிந்துவிடும். வீட்டு லைன் அப்படி இல்லை. கையை எடுக்கும்வரை மின்வாரியம் ஊட்டிக்கொண்டே இருக்கும், இதயத்தை நிறுத்துவது அதுதான்.

இதற்காக நிலைமின்சாரம் என்றாலே சாது என்று நினைத்துவிட வேண்டாம். மின்னலும் இதே வகைதான், அங்கே மின்னூட்டம் மைக்ரோ அல்ல, முழுக் கூலும் கணக்கில் இறங்கும்.

குருகிராம்வாசி:
அருமை சார். ஆனால் ஓர் இடிப்பு இருக்கிறது. காற்று வறண்டிருந்தால்தான் இது வரும் என்று எல்லா இடத்திலும் போட்டிருக்கிறார்கள். இங்கே ஜனவரியில் காலையில் எதிரே வரும் வண்டி தெரியாத அளவுக்குப் பனிமூட்டம். அது எப்படி வறண்ட காற்று ஆகும்?

ஓய்வுபெற்ற_சேஃப்டி:
வெளியே பனிமூட்டம், உள்ளே ஹீட்டர். விடை அங்கே இருக்கிறது. 8 டிகிரியில் ஒரு கன மீட்டர் காற்று நிறைந்து வழிந்தாலும் அதில் இருக்கும் நீராவி 8 கிராம் சொச்சம்தான். அதே காற்றை அறைக்குள் விட்டு 24 டிகிரிக்குச் சூடாக்குங்கள். அந்த வெப்பத்தில் காற்றால் 22 கிராம் வரை தாங்க முடியும், இருப்பதோ அதே 8. ஈரப்பதம் 100 சதவீதத்திலிருந்து 40-க்குக் கீழே வந்துவிட்டது. சென்னையில் சாதாரண நாளிலேயே 70-ஐ ஒட்டி இருக்கும். 40-க்குக் கீழே போனால் உங்கள் கைப்பிடி விளையாட்டு தொடங்கிவிடும்.

இன்னொன்றையும் சொல்லிவிடுகிறேன், இன்ஜினியர்களே தவறாகச் சொல்லும் விஷயம் இது. ஈரக் காற்று மின்சாரத்தைக் கடத்துவதால் மின்னூட்டம் காற்றோடு போய்விடுகிறது என்பார்கள். நீராவி கலந்த காற்றும் நல்ல மின்காப்பான்தான். ஈரம் அதிகமானால் துணி, பிளாஸ்டிக், காகிதம் எல்லாவற்றின் மேலும் கண்ணுக்குத் தெரியாத ஒரு நீர்ப்படலம் படிகிறது. அதில் கொஞ்சம் உப்பும் அழுக்கும் கரைந்திருக்கும். மின்னூட்டம் அந்தப் படலத்தில் ஊர்ந்து தரைக்குப் போய்விடுகிறது. சென்னையிலும் நீங்கள் எழும்போதெல்லாம் மின்னூட்டம் பிரியத்தான் செய்தது. சேர்ந்து நிற்க அதற்கு நேரம் கிடைக்கவில்லை.

சிவகாசி_ஆஃப்செட்:
அண்ணே, நீங்க சொல்ற அந்தப் படலம் இல்லாம நாங்க படுற பாடு இருக்கே! ஊரே வறண்ட ஊர். அந்த வறட்சியாலதான் தீப்பெட்டி, பட்டாசு எல்லாம் இங்க வேர் விட்டுச்சு. அதே வறட்சி அச்சகத்துக்கு எமன். காத்து காஞ்சு கிடக்கிற நாள்ல ஆர்ட் பேப்பர் பைல் ஏத்தினா ஷீட்டும் ஷீட்டும் ஒட்டிக்கிடும். புளோயர் காத்து ஊதினாலும் பிரியாது. சக்கர் ஒண்ணைத் தூக்கினா கூடவே அடுத்ததும் வரும், டபுள் ஷீட்னு மெஷின் நின்னு போகும். ஓரத்தை விரலால விசிறிப் பாத்தீங்கன்னா தெரியும், தாள் சரசரன்னு பிரியாம கொத்தா மடங்கும்.

லேமினேஷன்ல இன்னும் மோசம். ஃபிலிம் ரோல்லேருந்து உரிஞ்சு வர்ற இடத்துல கையைக் கொண்டுபோனா முழங்கை முடியெல்லாம் எழுந்து நிக்கும், சிலந்தி வலைக்குள்ள கை விட்ட மாதிரி ஒரு குறுகுறுப்பு. இன்னும் ஒரு சாண் கிட்ட போனா பட்டுனு அடிக்கும். தேய்க்கிறதே இல்லையே, உரியத்தானே செய்யுது? அப்புறம் ஏன் இவ்வளவு சார்ஜ்?

பட்டாசு ஆலைக்காரங்களுக்கு இது விளையாட்டு இல்ல. மருந்து அறைக்குள்ள போறவங்க வாசல்ல எர்த் பண்ணின செம்புத் தகட்டைத் தொட்டுட்டுத்தான் போகணும், பருத்தித் துணிதான் உடுத்தணும். நைலான், பாலியஸ்டர் புடவையோட யாரையும் உள்ள விடக்கூடாது.

இயற்பியல்_வாத்தியார்:
மேற்கோள்: "தேய்க்கிறதே இல்லையே, உரியத்தானே செய்யுது?"

இதைத்தான் நான் வகுப்பில் முதலில் சொல்வேன். தேய்த்தல் அவசியமே இல்லை. தொட்டுப் பிரிந்தால் போதும். இரண்டு பரப்புகளையும் சும்மா வைத்தால் மேடும் மேடும் சில புள்ளிகளில்தான் தொடும். தேய்த்தால் தொடும் இடம் பெருகுகிறது, அவ்வளவுதான். உங்கள் ஃபிலிமோ ரோலில் இறுக்கிச் சுற்றப்பட்டு முழுப் பரப்பும் ஒட்டிக் கிடக்கிறது. உரியும்போது சதுர மீட்டர் சதுர மீட்டராகப் பிரிகிறது. சீப்பையெல்லாம் அதன் பக்கத்தில் நிறுத்தவே முடியாது. செல்லோ டேப்பை ரோலிலிருந்து சரக்கென்று இழுத்தால் மேசை விளிம்பை நோக்கி வளைந்து ஒட்டிக்கொள்கிறதே, அதுவும் இதே கதைதான்.

யாழ்_உயர்தரம்:
வணக்கம் சேர். நான் உயர்தரம் படிக்கிறன். எனக்கு ஒரு சந்தேகம். சீப்பில ஏற்றம் (மின்னூட்டம்) இருக்கு, சரி. காகிதத் துண்டில ஏற்றமே இல்லையே, பிறகு சீப்பு ஏன் அதை இழுக்குது? அதோட, ஒட்டின துண்டு கொஞ்ச நேரத்தில துள்ளி விழுது. முதல் இழுத்திட்டுப் பிறகு ஏன் தள்ளுது? புத்தகத்தில தூண்டல் எண்டு ஒரு வரி இருக்கு, வடிவா விளங்கேல்லை.

இயற்பியல்_வாத்தியார்:
துள்ளி விழுவதைக் கவனித்திருக்கிறீர்களே, பலர் ஒட்டியதும் பார்வையை எடுத்துவிடுவார்கள்.

சீப்பு எதிர் மின்னூட்டம் பெற்றது என்று கொள்வோம். அதைக் கிட்டே கொண்டுபோனதும் காகிதத்தின் மூலக்கூறுகளில் எலக்ட்ரான் மேகம் சீப்பை விட்டு ஒரு நூலிழை விலகிக்கொள்கிறது. மொத்தத்தில் காகிதம் இன்னும் பூஜ்யம்தான். ஆனால் சீப்பின் பக்கம் நேர் மின்னூட்டம் சற்றுக் கிட்டே, எதிர் சற்றுத் தள்ளி. உங்கள் புத்தகம் தூண்டல் என்பது இதைத்தான். விசை தொலைவின் வர்க்கத்துக்கு எதிர்விகிதம் என்பதைக் கூலும் என்ற பிரெஞ்சு விஞ்ஞானி 1785-இல் முறுக்குத் தராசை வைத்து நிறுவினார். தொலைவு இரட்டித்தால் விசை கால் பங்கு. ஆகவே கிட்டே இருப்பதை இழுக்கும் விசை, தள்ளி இருப்பதைத் தள்ளும் விசையைவிடக் கொஞ்சம் கூடுதல். அந்தக் கொஞ்சம் போதும், காகிதம் எடையில்லாதது.

ஒட்டிய பிறகு சீப்பின் மின்னூட்டத்தில் ஒரு பங்கு காகிதத்துக்கு மெல்ல ஏறுகிறது. இப்போது இரண்டும் ஒரே இனம். தள்ளுகிறது. காகிதம் நன்றாகக் காய்ந்திருந்தால் ஏற நேரம் பிடிக்கும், அதுதான் உங்கள் "கொஞ்ச நேரம்". அலுமினியத் தாளில் சிறு உருண்டை செய்து நூலில் கட்டித் தொங்கவிட்டுப் பாருங்கள். தொட்ட மறுகணமே பாய்ந்து விலகும்.

இதே துள்ளலைப் பார்த்துத்தான் பிரான்சில் து ஃபே 1733-இல் மின்னூட்டம் இரண்டு வகை என்று கண்டார். தேய்த்த கண்ணாடிக் குழாயைத் தொட்டு விலகிய தங்கத் தாள் துணுக்கு, அந்தக் குழாய்க்குப் பிடிகொடுக்காமல் மிதந்துகொண்டே இருந்தது. தேய்த்த பிசின் கட்டியைக் கொண்டுபோனார், அதுவும் தள்ளும் என்று எதிர்பார்த்து. ஆனால் துணுக்கு பாய்ந்து வந்து ஒட்டிக்கொண்டது. கூட்டல், கழித்தல் என்ற குறி பிறகு பிராங்க்ளின் போட்டது. எது கூட்டல் என்று அவர் தீர்மானித்தபோது எலக்ட்ரானை யாருக்கும் தெரியாது, தாம்சன் அதைக் கண்டது 1897-இல். குறி மாறி விழுந்துவிட்டதால்தான் கம்பியில் மின்னோட்டத்தின் திசை ஒரு பக்கம், எலக்ட்ரான் ஓடுவது எதிர்ப்பக்கம் என்று ஒவ்வோர் ஆண்டும் பிள்ளைகள் திணறுகிறார்கள்.

யாழ்_உயர்தரம்:
நன்றி சேர், இப்ப விளங்கிற்றுது. ஒரு கூலும் எண்டது பெரிய ஏற்றமோ சிறிசோ? கணக்கில எல்லாம் சும்மா 1 கூலும், 2 கூலும் எண்டு தருகினம்.

இயற்பியல்_வாத்தியார்:
ஒரு மீட்டர் இடைவெளியில் ஒரு கூலும், ஒரு கூலும் வைத்தால் விசை 900 கோடி நியூட்டன். ஏறக்குறைய 9 லட்சம் டன் எடை. கேள்வித்தாள் தயாரிப்பவர்கள் இதைக் கொஞ்சம் யோசிக்கலாம். ஆனால் கம்பியில் ஒரு ஆம்பியர் ஓடினால் நொடிக்கு ஒரு கூலும் கடந்துபோகிறது. அங்கே அதே அளவு நேர் மின்னூட்டம் கூடவே நிற்பதால் ஒன்றும் ஆவதில்லை. தனியாகப் பிரித்து நிறுத்துவதுதான் கடினம்.

ஓய்வுபெற்ற_சேஃப்டி:
வாத்தியார் கோபித்துக்கொள்ளக் கூடாது. தாவுவது எலக்ட்ரான்தான் என்று நீங்கள் சொன்னதில் பாதிதான் எனக்குச் சம்மதம். உலோகத்தோடு உலோகம் என்றால் சரி. பிளாஸ்டிக்கோடு பிளாஸ்டிக் பட்டால் என்ன நடக்கிறது என்பதில் இன்றும் சண்டைதான். எலக்ட்ரான் என்பார் ஒருவர், பரப்பிலுள்ள அயனி என்பார் இன்னொருவர். ஒன்றின் துணுக்கே பிய்ந்து மற்றதில் ஒட்டிக்கொண்டு மின்னூட்டத்தையும் தூக்கிப் போகிறது என்பது மூன்றாவது கட்சி. 2011-இல் சயன்ஸ் இதழில் வந்த ஓர் ஆய்வு, தொட்டுப் பிரிந்த பரப்பு முழுவதும் ஒரே குறியில் இருப்பதில்லை, நேரும் எதிரும் நுண்ணிய திட்டுத் திட்டாகக் கலந்து கிடக்கின்றன என்று காட்டியது. நாம் அளப்பது நேரும் எதிரும் கழிந்து நிற்கும் மீதியைத்தான். ஒரே ரப்பர் பலூன் இரண்டைத் தேய்த்தாலும் மின்னூட்டம் வருகிறதே, எந்தப் பொருள் எலக்ட்ரானைக் கொடுக்கும், எது வாங்கும் என்று அடுக்கியிருக்கும் உங்கள் பாடப்புத்தக வரிசையில் அதற்கு இடம் எங்கே?

இயற்பியல்_வாத்தியார்:
கோபம் என்ன இருக்கிறது. கண்ணாடி, நைலான், கம்பளி மேலே, பாலித்தீன், பிவிசி, டெஃப்லான் கீழே என்ற அந்த வரிசை தோராயமானது என்பதில் எனக்கும் மாற்றுக் கருத்து இல்லை. அழுக்கு, ஈரம், எந்தப் பக்கத்தை அதிகம் தேய்த்தோம் என்பதைப் பொறுத்து இடம் மாறும். ஆனாலும் பரீட்சை எழுதப் போகிற பிள்ளைக்கு எலக்ட்ரான் என்ற விடை போதும். திட்டுக்களை அவர் பல்கலைக்கழகத்தில் பார்த்துக்கொள்ளட்டும்.

சர்வீஸ்_கடை:
எங்க தொழில்ல இருந்து ஒண்ணு. மொபைல் போர்டைக் கையில் எடுக்கும் முன்னாடி ரிஸ்ட் ஸ்ட்ராப் மாட்டுவோம், அதோட வயர் எர்த்துக்குப் போகும். மனுசனுக்குச் சுமார் 3,000 வோல்ட் வந்தால்தான் சுருக்குனு தெரியும். சில சிப்புக்கு நூறு வோல்ட்டே அதிகம். அதாவது கஸ்டமர் போர்டைக் கொன்னதே நமக்குத் தெரியாது. இன்னும் கொடுமை, உடனே சாகாமல் அரைகுறையா அடிபட்டு, கொஞ்ச நாள் ஓடிட்டுத் திரும்பி வரும். அப்ப திட்டு எங்களுக்கு.

ஸ்ட்ராப் வயரை வெட்டிப் பார்த்தா உள்ளே ஒரு மெகா ஓம் ரெசிஸ்டர் இருக்கும். எதுக்கு ரெசிஸ்டர், நேரா எர்த் போட்டா வேகமா இறங்குமேனு புதுப் பையன் ஒருத்தன் கேட்டான். தெரியாம 230 லைன்ல கை பட்டுட்டா? ரெசிஸ்டர் இருந்தா ஸ்ட்ராப் வழியா கால் மில்லி ஆம்பியர்கூடப் போகாது. இல்லேன்னா கையை நாமே எர்த்தில் கட்டிக்கிட்டு லைனைத் தொட்ட கதை. உடம்புல இருக்கிற சார்ஜ் ஒரு மெகா ஓம் வழியாவும் கண் சிமிட்டும் முன்னாடி இறங்கிடும்.

குருகிராம்வாசி:
அப்போ பெட்ரோல் லாரிக்குப் பின்னால் தரையில் தேயும் சங்கிலி? எட்டாம் வகுப்பில் படித்த ஒரே நிஜ உதாரணம் அதுதான். இப்போதெல்லாம் லாரியில் அதைக் காணவே காணோம்.

ஓய்வுபெற்ற_சேஃப்டி:
ரப்பர் டயரில் கார்பன் கரி கலந்திருப்பதால் அதுவே ஓரளவு கடத்தும், ஓடுகிற லாரியின் உடம்பில் பெரிதாகச் சேர்வதில்லை. ஆபத்து வேறு இடத்தில். பெட்ரோல் குழாயில் ஓடும்போது திரவத்துக்கும் குழாய்ச் சுவருக்கும் இடையிலேயே மின்னூட்டம் பிரிகிறது. பங்க்கில் லோடு இறக்கும்போது பாருங்கள், ஹோஸ் மாட்டுவதற்கு முன்பே ஒருவர் எர்த் கிளிப்பைக் கொண்டுவந்து லாரியில் கவ்வ வைப்பார். சங்கிலியின் வேலையை இப்போது அந்த கிளிப் செய்கிறது. பெட்ரோல் ஆவி தீப்பற்ற அரை மில்லி ஜூல்கூட வேண்டாம். மேலே வாத்தியார் சொன்ன 5 மில்லி ஜூலோடு ஒப்பிட்டுப் பாருங்கள், உங்கள் விரல் நுனிப் பொறியே அதைவிடப் பத்து மடங்குக்கு மேல். கேனில் பிடிக்க வேண்டியிருந்தால் பைக் சீட்டிலோ கார் டிக்கியிலோ வைத்துப் பிடிக்காதீர்கள், தரையில் வைத்துப் பிடியுங்கள்.

தண்ணீரே இந்த வேலையைச் செய்யும். 1969 டிசம்பரில் மார்பெஸ்ஸா, மாக்ட்ரா, கோங் ஹாகோன் என்ற மூன்று ராட்சத எண்ணெய்க் கப்பல்கள் ஒரே மாதத்தில் அடுத்தடுத்து வெடித்தன. மார்பெஸ்ஸா மூழ்கியே போனது. எண்ணெயை இறக்கிவிட்டுக் காலித் தொட்டிகளைப் பீய்ச்சித் தண்ணீரால் கழுவிக்கொண்டிருந்த நேரம். யாரும் நெருப்புப் பற்றவைக்கவில்லை. ஆராய்ந்தபோது, தண்ணீர் சிதறிப் பனிபோல் பரவிய துளிகளில் மின்னூட்டம் சேர்ந்து, தொட்டிக்குள் பொறி பறந்திருக்க வேண்டும் என்ற முடிவுக்கு வந்தார்கள். அதற்குப் பிறகுதான் பெரிய கப்பல்களின் தொட்டிகளில் ஆக்சிஜன் குறைந்த வாயுவை நிரப்பும் ஏற்பாடு பரவியது. பொறியை முழுக்கத் தடுக்க முடியாது, எரிய ஆக்சிஜன் இல்லாமல் செய்துவிடலாம் என்ற கணக்கு.

திட்டிக்கொண்டே இருக்கிறோம், ஒரு நல்லதும் சொல்லிவிடுகிறேன். அனல்மின் நிலையப் புகையிலிருந்து சாம்பலைப் பிடிப்பது இதே நிலைமின்சாரம்தான். தூசிக்கு எதிர் மின்னூட்டம் கொடுத்துத் தகட்டில் ஒட்டவைத்து, தகட்டைத் தட்டிக் கீழே கொட்டுவார்கள். அந்தக் கருவிகள் நம் ராணிப்பேட்டை பெல் ஆலையில் தயாராகின்றன.

குருகிராம்வாசி:
எல்லோருக்கும் நன்றி. கடைசியாக, அடிக்காமல் தப்பிக்க ஒரு வழி?

சர்வீஸ்_கடை:
காரில் இறங்கும்போது சீட்டை விட்டு எழுவதற்கு முன்பே கதவு ஃபிரேமின் இரும்பைப் பிடிச்சுக்கங்க, காலைத் தரையில் ஊன்றும்வரை விடாதீங்க. ஆபீஸில் சாவியைக் கையில் இறுக்கிப் பிடிச்சு, அதோட நுனியால் கைப்பிடியைத் தொடுங்க. பொறி சாவி நுனியில் பறந்துடும், விரலில் வலிக்காது.

சிவகாசி_ஆஃப்செட்:
அண்ணே, நான் கேக்கணும்னு நெனச்சதையே கேக்கல. லேமினேஷன் மெஷின்ல சார்ஜை இறக்க ஃபிலிம் மேல செம்பு ஜிகினா குறுக்கே கட்டி எர்த் பண்ணிருக்கேன். பக்கத்து அச்சகத்துல நல்லா வேலை செய்யுது. எனக்கு ஒரு பிரயோசனமும் இல்ல. எர்த் செக் பண்ணியாச்சு, சரியாத்தான் இருக்கு.

ஓய்வுபெற்ற_சேஃப்டி:
ஜிகினாவை எந்த இடத்தில் கட்டியிருக்கிறீர்கள்? ஃபிலிம் ரோலர் மேல் படிந்து போகும் இடத்திலா, இரண்டு ரோலருக்கு நடுவே அந்தரத்தில் போகும் இடத்திலா?

சிவகாசி_ஆஃப்செட்:
ரோலருக்கு நேர் மேல. அங்கதான் கட்ட வசதியா ஸ்டாண்ட் இருந்துச்சு.

ஓய்வுபெற்ற_சேஃப்டி:
அதுதான் காரணம். ஜிகினாவின் கூர்முனையில் மின்புலம் குவிந்து காற்றையே அயனியாக்கினால்தான் அது வேலை செய்யும். ஃபிலிம் இரும்பு ரோலரில் ஒட்டிப் போகும்போது, ஃபிலிமின் மின்னூட்டம் தனக்கு அடியிலேயே உள்ள உலோகத்தில் எதிர் இனத்தைத் தூண்டிக்கொண்டு அதோடு கட்டுண்டு கிடக்கும். மேலே ஜிகினா இருக்கும் பக்கம் புலமே வராது. வாத்தியார் சொன்ன சேர் கணக்கேதான், இன்னும் எழவில்லை என்று வைத்துக்கொள்ளுங்கள். ரோலரை விட்டு ஃபிலிம் விலகி அந்தரத்துக்கு வந்த பிறகு, ஒரு சாண் தள்ளிக் கட்டுங்கள். ஃபிலிமில் உரசக் கூடாது, சில மில்லி மீட்டர் இடைவெளி விடுங்கள். ஜிகினா முழுவதையும் எடுக்காது. புலம் பலவீனமானதும் அதுவும் நின்றுவிடும். மிச்சமும் போக வேண்டும் என்றால் கரண்டில் ஓடித் தானே காற்றை அயனியாக்கும் ஐயனைசர் பார்தான் போட வேண்டும்.

சிவகாசி_ஆஃப்செட்:
நாளைக்கு ரெண்டு ரோலருக்கு நடுவுல ஒரு கம்பி வெல்டு வச்சு மாத்திக் கட்டுறேன். ஸ்டாண்டைக் கழட்டணும், மெஷின்மேன்தான் முணுமுணுப்பாரு.